கமராவுக்கு ‘ஆம்’ போடத் தெரியாது: அங்கத நாவல் திரைக்கு வரும்போது என்ன நடக்கிறது?

"நாவலில் இருந்த பகிடி ஒன்றுமே படத்தில் இல்லை." யாழ்ப்பாணத்தில் எந்த வாசகர் வட்டத்துக்குப் போனாலும், நாவலைத் தழுவி எடுத்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வசனம் ஒரு தடவையாவது விழும். உடனே மற்றப் பக்கத்திலிருந்து பதில் வரும்: "ரெண்டரை மணித்தியாலத்துக்குள்ள எல்லாத்தையும் எடுக்க ஏலுமோ?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒருவர் படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்கிறார். மற்றவர் நேரம் போதாது என்கிறார். ஆனால் இருவரும் நம்புவது ஒன்றையேதான். நாவல் ஒரு பெரிய சாக்கு, அதற்குள் சம்பவங்கள் கிடக்கின்றன. படம் சின்னச் சாக்கு, மாற்றிக் கொட்டும்போது கொஞ்சம் வெளியே சிந்தும். காதல் கதைக்கும் துப்பறியும் கதைக்கும் இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். குத்தலாகச் சொல்லிச் சிரிக்கவைக்கும் அங்கத நாவலுக்குச் சரிவராது. ஒரு சம்பவத்தைக்கூட விடாமல் எடுத்தாலும் அங்கதம் மட்டும் காணாமல் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒரு விறாந்தையில் இருந்து கண்ணால் பார்த்தேன்.

## மாலை வேண்டாம் என்ற தலைவர்

படம் எடுக்கும் ஆசையுள்ள ஆறேழு இளைஞர்களோடு சில காலத்துக்கு முன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பயிற்சி செய்தோம். கையில் இருந்தது ஒரு கைபேசியும் இரவல் வாங்கிய மைக் ஒன்றும். எடுப்பதற்காக நான் ஒரு சின்னப் பத்தி எழுதிக் கொடுத்தேன்:

"சனசமூக நிலையத் தலைவர் மிகவும் எளிமையானவர். மாலை வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். நாலாந்தரமும் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில் கழுத்தைக் கொஞ்சம் குனிந்தும் கொடுத்தார்."

வாசித்தவுடன் எல்லோரும் சிரித்தார்கள். சரி, இதை எடுங்கள் என்றேன். எழுதியிருந்தபடியே எடுத்தார்கள். தலைவராக நடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கையை அசைத்து "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்றார், கழுத்தைக் குனிந்தார், மாலை விழுந்தது. ஓடவிட்டுப் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தியை வாசித்திராத பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "பாவம், நல்ல மனுசன் போல" என்றார்.

ஒரு சம்பவமும் விடுபடவில்லை. மூன்று "வேண்டாம்" இருந்தது, குனிந்த கழுத்தும் இருந்தது. விடுபட்டது "பயத்தில்" என்ற ஒரு சொல் மட்டும். அந்தச் சொல் தலைவர் செய்ததைச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று சொன்னது. அந்தப் பார்க்கிறவர் எங்கள் கமராவுக்குப் பின்னால் இல்லை.

## வேலியோரத்து ‘ஆம்’

இதை விளங்கிக்கொள்ளத் தமிழிலேயே அருமையான கருவி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் வேலியோரத்தில் நின்று கதைக்கிறார்கள். ஒருவர் சொல்கிறார்: "அவையின்ர மூத்த பொடியன் லண்டனில மனேச்சராம்."

அந்தக் கடைசி ‘ஆம்’ எவ்வளவு வேலை செய்கிறது, பாருங்கள். இது நான் கண்டதில்லை, அவர்கள் சொன்னது. இதற்கு நான் பொறுப்பில்லை. நம்பினால் நம்புங்கள். சொல்லும்போது ஓர் இழுவை சேர்ந்தால் போதும், "நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்" என்றும் ஆகிவிடும். ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒருவரையும் ஏசவில்லை. ஆனால் சொல்லப்பட்டதற்கும் கருதப்பட்டதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. கேட்பவர் அந்த இடைவெளியில்தான் சிரிக்கிறார்.

நாவலில் நமக்குக் கதையை எடுத்துச் சொல்லும் குரலைக் கதைசொல்லி என்போம். அது எழுத்தாளரேதான் என்று எண்ணிவிட வேண்டாம், எழுத்தாளர் உருவாக்கிய ஒரு குரல் அது. அங்கத நாவலின் கதைசொல்லி ஒவ்வொரு வசனத்தின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ‘ஆம்’ வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். "தலைவர் எளிமையானவர்" என்று எழுதியிருக்கும். வாசகர் "எளிமையானவராம்" என்று வாசிப்பார்.

கமராவுக்கு இந்த ‘ஆம்’ போடத் தெரியாது. பெரிய மேசைக்குப் பின்னால் ஒருவர் கழுத்துப்பட்டியோடு இருப்பதைக் காட்டினால், அவர் மனேச்சர். கடையொன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுவதைக் காட்டினால், அவர் மனேச்சர் இல்லை. "மனேச்சராம்" என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடு இடத்தைக் கமரா தானாகக் காட்டாது. அது எதைக் காட்டினாலும் "இது நடந்தது" என்று சாட்சி சொல்வதுபோலத்தான் காட்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அங்கதம் சம்பவத்தில் இல்லை, சம்பவத்துக்கும் அதைச் சொல்லும் குரலுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது. நாவலைத் திரைக்குக் கொண்டுவரும்போது முதலில் கழன்று விழுவது அந்தக் குரல். ஆகவே தழுவல் செய்பவரின் முதல் வேலை எந்தச் சம்பவத்தை வெட்டலாம் என்று பார்ப்பதில்லை, ‘ஆம்’ இனி எங்கே இருக்கப்போகிறது என்று கண்டுபிடிப்பது.

## ஔவை செய்த வெட்டு

அங்கதம் என்ற சொல் புதிதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலிலேயே அதை இரண்டாகப் பிரித்துவிட்டது. முகத்துக்கு நேரே வெளிப்படையாக ஏசுவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து, வேறெதையோ சொல்வதுபோலச் சொல்வது பழிகரப்பு அங்கதம். சினிமாவுக்கு முதலாவது லேசு. ஒரு பாத்திரத்தை மேடையேற்றி நாலு வசனம் பேசவிட்டால் தியேட்டரில் விசில் பறக்கும். நல்ல அங்கத நாவல்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழிகரப்புக்கு நம்மிடமுள்ள மிகத் துல்லியமான உதாரணம் புறநானூற்றின் 95ஆவது பாட்டு. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை புகழ்கிறார். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் அழகாக இருக்கின்றன. அவையோ, அதாவது அதியமானின் ஆயுதங்கள், பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. தொண்டைமானின் ஆயுதம் போரே காணாதது என்று எங்கும் சொல்லவில்லை. புகழ்ச்சிதான், கேட்டால் வாய் அடைக்கும்.

இதைப் படமெடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கொட்டிலுக்குள் கமரா மெல்ல நகர்கிறது. வேல்கள் பளபளக்கின்றன, பீலி அசைகிறது. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? "அடேயப்பா, பெரிய அரசன்" என்றுதான். அங்கதம் இல்லை. அடுத்த கணம் படம் கொல்லன் கொட்டிலுக்குத் தாவுகிறது: புகை, கரி, முனை முறிந்த வேல் ஒன்று, அதில் இன்னும் காயாத கறை. இப்போதுதான் முதலில் பார்த்த பளபளப்புக்கு அர்த்தம் மாறுகிறது.

ஒரு காட்சித்துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இந்த இடத்தைச் சினிமாவில் வெட்டு என்பார்கள். இரண்டு துண்டிலும் தனித்தனியாக இல்லாத ஒரு கருத்து, வெட்டினால் பார்ப்பவரின் தலைக்குள் உண்டாகிறது. பாட்டைத் திரும்பப் பாருங்கள். "இவ்வே" என்று தொடங்கி, "அவ்வே" என்று திரும்புகிறது. ஔவை சொல்லால் வெட்டியிருக்கிறார். இந்தப் பாட்டை வகுப்பில் படித்தபோது எனக்கு இது தெரியவில்லை. படம் எடுக்க முயன்ற பிறகுதான் பிடிபட்டது.

## பேனையைக் கழற்றிய கை

சரி, தலைவரிடம் திரும்புவோம். அவருடைய "எளிமை"க்கு எப்படி ‘ஆம்’ போடுவது? நடித்த ஐயாவைக் கொஞ்சம் மிகையாக நடிக்கச் சொல்லிப் பார்த்தோம், கண்ணை உருட்டி, வாயைக் கோணி. அது கெட்டுப்போனது. பாத்திரமே தன்னைப் பார்த்து நக்கல் செய்தால் அங்கதம் செத்துவிடும். தலைவர் தன்னை உண்மையாகவே எளிமையானவர் என்று நம்ப வேண்டும். பார்ப்பவருக்கு மட்டும் வேறொன்று தெரிய வேண்டும்.

அந்தப் பயிற்சியில் இருந்த ஒரு தங்கச்சி ஒரு யோசனை சொன்னாள். மேடையேறுவதற்கு முன், படிக்குக் கீழே நின்று, தலைவர் சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேனையைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போடட்டும் என்றாள். ஏன்? பேனையின் கொளுவியில் மாலை நூல் சிக்கும். வேட்டிக்குக் காற்சட்டைப் பை ஏது என்று ஒருவன் கேட்க, பக்கத்தில் நிற்கும் செயலாளரிடம் கொடுக்கட்டும் என்று மாற்றினோம். அது இன்னும் நல்லதாய்ப் போனது. செயலாளர் கையை முன்னமே நீட்டிக்கொண்டு நிற்கிறார். இது முதல்தரம் இல்லை என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

கையும் பேனையும் மட்டும் தெரிகிற நெருக்கக் காட்சி, இரண்டு செக்கன். பிறகு முன்பு எடுத்த அதே "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்". நடிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அக்காவை மறுபடி கூப்பிட்டுக் காட்டினோம். முதலாவது "வேண்டாம்"திலேயே சிரித்துவிட்டார்.

நடந்தது இதுதான்: கதைசொல்லி சொல்லவேண்டியதைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு தகவலாக மாற்றினோம். பாத்திரம் அறியாத ஒன்றை நாம் அறிந்திருக்கிறோம், அந்த அறிவே ‘ஆம்’. பத்தியில் பேனையே இல்லை என்பதையும் கவனியுங்கள். நாவலில் இல்லாத ஒன்றைச் சேர்த்ததால்தான் நாவலுக்கு விசுவாசமாக இருக்க முடிந்தது. "நாவலில இல்லாததையெல்லாம் சேர்த்துப்போட்டாங்கள்" என்று கோபப்படுமுன் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

## நாவல் சிக்கலாக இருந்தால்?

இது ஒரு பத்தியின் கதை. ஐந்நூறு பக்க நாவலில், காலம் முன்பின்னாகக் குழம்பிக் கிடந்தால், நூறு பாத்திரங்கள் இருந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு வழியில் திரைக்கு வந்திருக்கிறது. ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட கேட்ச் 22.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் பக்கத்துத் தீவொன்றில் உள்ள அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப்படையின் கதை. ஹெல்லரே அந்தப் போரில் 60 தடவை பறந்தவர். கதாநாயகன் யொசாரியனுக்கு உயிரோடு வீடு போக வேண்டும். குறிப்பிட்ட தடவைகள் பறந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனால் அவன் அந்த எண்ணிக்கையை நெருங்க நெருங்க, மேலதிகாரி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார். பைத்தியம் பிடித்தால் பறக்கத் தேவையில்லை. ஆனால் "எனக்குப் பைத்தியம், பறக்க முடியாது" என்று விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்குப் பயந்து விண்ணப்பிப்பவன் தெளிவான புத்தியுள்ளவன். ஆகவே பறக்க வேண்டும். இந்த விதியின் பெயர்தான் கேட்ச் 22.

இந்த விதியை நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று ஒரு கந்தோருக்குப் போய், "அதுக்கு முதல் அடையாள அட்டையைக் காட்டுங்கோ" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவருக்கு அது உடம்பிலேயே தெரியும்.

இந்த நாவலின் 42 அத்தியாயங்களும் வரிசையில் நடப்பதில்லை. கதை ஒரே சம்பவங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் ஒன்று ஸ்னோடன் என்ற இளம் படைவீரனின் மரணம். தொடக்கத்தில் போகிறபோக்கில் பெயர் மட்டும் வரும், ஏதோ பகிடிபோல. பிறகு கொஞ்சம். இன்னொரு தடவை இன்னும் கொஞ்சம். விமானத்துக்குள் காயப்பட்டுக் கிடக்கும் அவன் குளிர்கிறது என்கிறான். யொசாரியன் அவனுடைய தொடைக் காயத்துக்கு அழகாக, கவனமாகக் கட்டுப்போடுகிறான். 41ஆவது அத்தியாயத்தில்தான் முழுவதையும் காண்கிறோம்: உண்மையான காயம் வேறிடத்தில், கவச உடைக்குள். அவன் கட்டியது பிழையான காயத்தை.

நானூறு பக்கமாகச் சிரித்துக்கொண்டு வந்த வாசகர் இங்கே திடீரென்று உறைந்துபோவார். அவ்வளவு பகிடியும் இந்தக் காயத்துக்கு மேலே போட்ட கட்டுத்தான் என்று அப்போது விளங்கும். காலக் குழப்பம் எழுத்தாளரின் வித்தை காட்டல் இல்லை, அங்கதத்தின் எலும்புக்கூடே அதுதான். இப்படி எந்தச் சம்பவத்துக்குப் பிறகு எதைச் சொல்வது என்ற ஒழுங்கைக் கதைக்கட்டு என்போம். சம்பவங்களைக் காப்பாற்றிக் கதைக்கட்டைக் குலைத்தால் என்ன மிஞ்சும் என்பதே தழுவல் செய்பவரின் தலையிடி.

1970இல் மைக் நிக்கல்ஸ் இதைப் படமாக்கினார். திரைக்கதை பக் ஹென்றி. திரைக்கதை என்பது திரையில் என்ன தெரியும், என்ன கேட்கும் என்பதை மட்டும் எழுதும் திட்டம். மனதுக்குள் ஓடுவதை அதில் எழுத முடியாது, எழுதினாலும் எடுக்க முடியாது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ளவர்களின் கைக்கணக்கு. ஆக இரண்டு மணிநேரப் படத்துக்கு 120 பக்கந்தான். அவர்கள் பாத்திரங்களை இரக்கமின்றிக் குறைத்தார்கள். ஆனால் சுற்றிச் சுற்றி வரும் கட்டை விடவில்லை. ஸ்னோடனின் விமானக் காட்சி படத்தின் நடுவில் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டு வருகிறது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது, இந்தக் கட்டுரை முழுவதையும் அதைக் காட்டியே விளக்கியிருக்கலாம். மைலோ என்ற அதிகாரி போரையே வியாபாரமாக்கியவன். மேலதிகாரியிடம் ஒரு முட்டையைக் காட்டி வியாபாரத்தைப் பற்றி உற்சாகமாகக் கதைத்துக்கொண்டு போகிறான். அவர்களுக்குப் பின்னால், அதே காட்சிக்குள், அடிபட்ட விமானமொன்று தரையில் மோதி எரிகிறது. இருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டை, முட்டை, முட்டை. நாவலில் இந்த வியாபாரத்தை விளக்கப் பக்கம் பக்கமாகக் கணக்குப் பேச்சு வரும், சிரிப்பு அந்தக் கணக்கில். படத்தில் முன்னால் முட்டை, பின்னால் நெருப்பு. ஔவை "இவ்வே, அவ்வே" என்று அடுத்தடுத்து வைத்ததை இங்கே ஒரே சட்டகத்துக்குள் முன்னும் பின்னுமாக வைத்துவிட்டார்கள். வெட்டு இல்லை, ஆனால் தூரம் இருக்கிறது.

2019இல் அதே நாவல் 6 பாகத் தொடராக வந்தது. ஜோர்ஜ் குளூனி தயாரித்தவர்களில் ஒருவர், நடித்தார், சில பாகங்களை இயக்கியும் இருக்கிறார். இவர்கள் எதிர்வழியில் போனார்கள். காலத்தை நேராக்கினார்கள், பயிற்சியில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக. கூடிக்கொண்டே போகும் பறப்பு எண்ணிக்கை கதையின் முதுகெலும்பானது. ஸ்னோடனின் மரணம் கடைசிப் பாகத்துக்குப் போனது.

இதில் லாபமும் உண்டு. யார் எவர் என்று குழம்பாமல் பார்க்கலாம், யொசாரியனின் களைப்பு நமக்கும் ஏறுகிறது. ஆனால் என் கணிப்பில், நேராக்கியபோது அங்கதம் சோகக் கதையாகிவிட்டது. நாவலில் நாம் ஒரு வட்டத்துக்குள் அகப்பட்டிருக்கிறோம், யொசாரியன் விதிக்குள் அகப்பட்டிருப்பதுபோல. தொடரில் ஒரு றோட்டில் போகிறோம். றோட்டுக்கு முடிவு உண்டு, வட்டத்துக்கு இல்லை. நேரம் கூடக் கிடைத்தும், சம்பவங்கள் கூட வந்தும் இது நடந்தது. நேரம் போதாததால்தான் தழுவல்கள் தோற்கின்றன என்ற கதை இங்கே அடிபட்டுப் போகிறது.

சுருக்கமாக: சிக்கலான நாவலில் ‘ஆம்’ வசனத்தில் மட்டும் இருப்பதில்லை, கதைக்கட்டிலும் ஒளிந்திருக்கும். எதை வெட்டினாலும் பரவாயில்லை, எந்தச் சுற்றில் சிரிப்பு பயமாகிறதோ அந்தச் சுற்றை வெட்டக் கூடாது.

## பின்னணிக் குரலைப் போட்டால் போதாதா?

புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் கேட்பது இது. கதைசொல்லியின் குரல்தானே காணாமல் போகிறது, ஒருவரைக் கொண்டு நாவல் வசனங்களை வாசித்துப் படத்துக்கு மேலே போட்டுவிட்டால் என்ன? காட்சியில் இல்லாத ஒருவர் நம்மோடு பேசும் இந்தக் குரலே பின்னணிக் குரல்.

போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை. குரலும் படமும் ஒன்றையே சொன்னால் அது வீண். "தலைவர் எளிமையானவர்" என்று குரல் சொல்ல, எளிமையான ஒருவரைக் காட்டினால் பள்ளிக்கூடப் பாடம்போல் ஆகிவிடும். இரண்டும் ஒன்றோடொன்று உரச வேண்டும். யாழ்ப்பாணத்தில் சிரித்திரன் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இதை லேசாகச் சொல்லலாம். 1963இல் தொடங்கி, சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கிய அந்தச் சஞ்சிகையின் கேலிச்சித்திரங்களை நினைத்துப் பாருங்கள். படம் ஒன்று, வசனம் ஒன்று. படத்தை மட்டும் பார்த்தால் பாதி, வசனத்தை மட்டும் வாசித்தால் பாதி, இரண்டும் முட்டும் இடத்தில்தான் சிரிப்பு. சினிமாவிலும் கண்ணுக்கு ஒரு வழி, காதுக்கு ஒரு வழி. இரண்டு வழியாலும் ஒரே சாமானை அனுப்புவது வீண்வேலை.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் பரி லிண்டன் என்ற படம் 1975இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் தக்கரேயின் நாவலில், பரி தன் கதையைத் தானே பீற்றிக்கொண்டு சொல்கிறான். வாசகர் அவனை நம்பாமல் வாசிக்க வேண்டும். படத்தில் குப்ரிக் அவனுடைய வாயை மூடிவிட்டு, யாரோ ஒரு பெரிய மனிதரின் நிதானமான குரலைப் போட்டார். பரி மகனோடு மகிழ்ந்திருக்கும்போதே, அவன் கடைசியில் பிள்ளையின்றித் தனியனாய் வறுமையில் முடிவான் என்று அந்தக் குரல் பதறாமல் சொல்லிவிடுகிறது. கண் சந்தோசத்தைப் பார்க்கிறது, காது முடிவைக் கேட்கிறது. பீற்றலில் இருந்த தூரம் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதே குப்ரிக் 1964இல் எடுத்த டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ், அணுகுண்டுப் போர் பற்றிய புகழ்பெற்ற அங்கதப் படம். அது எழுந்த 1958ஆம் ஆண்டு நாவலில் பகிடியே இல்லை, பயங்கரமான தீவிரக் கதை. ஒரு தளபதி தன் பாட்டில் குண்டு வீசக் கட்டளையிடும் கதை இரண்டிலும் அதேதான். அங்கதம் கதையிலேயே இருக்கும் பொருளானால், இல்லாத நாவலிலிருந்து அது எப்படி முளைத்தது?

## தமிழில் உள்ள ஒரு சிக்கல்

நம்மவர் நாவல் திரைக்குப் போவது புதிதில்லை. செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978இலேயே படமானது. ஆனால் அங்கத நாவலென்று வரும்போது, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. எழுத்துத் தமிழ் ஒன்று, பேச்சுத் தமிழ் இன்னொன்று. தமிழ் அங்கதத்தில் பாதி, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள உயரத்திலிருந்துதான் விழுகிறது. இப்படி ஒரு வசனத்தை எண்ணிப் பாருங்கள்: "மாமா அவர்கள் திருவுளங்கனிந்து, பரிவாரங்கள் புடைசூழ, இரண்டாயிரம் ரூபா கைமாற்று வாங்கும்பொருட்டு எழுந்தருளினார்." சுவாமிக்குரிய சொற்களைக் கடன் வாங்க வந்தவருக்குப் போட்டதில் இருக்கிறது விசயம். திரையில் மாமா பேச்சுத் தமிழில்தான் பேசுவார். கதைசொல்லியின் செந்தமிழ் நிற்க இடமில்லை. வந்தார், கதிரையில் இருந்தார், காசு கேட்டார். முடிந்தது.

அந்த உயரத்தை வேறெங்காவது கட்ட வேண்டும். மாமா படலையைத் திறந்துகொண்டு வருவதைத் திருவிழாவில் சுவாமி வெளிவீதி வருவதுபோல எடுக்கலாம். கமரா நிலத்தோடு, மேலே பார்த்தபடி. தவிலும் நாதஸ்வரமும். நடை மெதுவாக. முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் கோழியும் இரண்டு பக்கமும் விலகி வழிவிடுகின்றன. விறாந்தைக்கு வந்து, மேளம் சட்டென்று நின்று, "தம்பி, ஒரு ரெண்டாயிரம் இருக்குமோ?" செந்தமிழ் செய்ததை மேளமும் கமராவின் கோணமும் செய்கின்றன.

பலர் இந்தக் கஷ்டத்தைப் படாமல் குறுக்கு வழியில் போகிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சையே பகிடியாக்கிவிடுகிறார்கள். "என்ன கதைக்கிறியள்", "ஓம் ஓம்" என்று ஒரு பாத்திரம் இழுத்துப் பேசினால் சிரிக்க வேண்டுமாம். எனக்கு இது உண்மையில் வலிக்கிறது. அங்கதம் ஒரு மனிதரின் பாசாங்கைப் பார்த்துச் சிரிக்க வைக்கும், அவருடைய தாயின் மொழியைப் பார்த்துச் சிரிக்க வைப்பது வேறு தொழில். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் கையில் நல்ல யாழ்ப்பாண நாவலொன்று கிடைத்தால், மாமாவின் கடன் மறைந்து மாமாவின் உச்சரிப்பு மட்டும் மிஞ்சும்.

## ஒரு பாதி அடி

பேனை காட்சி பலித்த பிறகும் எங்கள் படத்தில் ஒன்று குறைந்தது. தலைவருக்கு மாலையில் ஆசை என்பது வந்துவிட்டது. ஆனால் பத்தியில் இருந்தது ஆசை இல்லை, பயம். நாலாந்தரமும் சொல்ல வேண்டி வந்தால், உண்மையாகவே மாலை இல்லாமல் போய்விடுமே என்ற பயம். அதை முகத்தில் நடிக்கச் சொன்னால் மறுபடி கெட்டுவிடும் என்று தெரியும். இரண்டு பின்னேரம் யோசித்தோம்.

கடைசியில் மாலை போடும் பொடியனாக நடித்தவன்தான் வழி சொன்னான். "அண்ணை, நான் அவர் சொல்லுறதை நம்பினால் என்ன?"

மறுபடி எடுத்தோம். தலைவர் முதல்தரம் "வேண்டாம்" என்கிறார். இரண்டாந்தரம் "வேண்டாம்" என்கிறார். மூன்றாந்தரம் சொன்னதும் பொடியன் மரியாதையோடு தலையாட்டி, மாலையைத் தாழ்த்திக்கொண்டு பாதி அடி பின்னால் வைக்கிறான். தலைவரின் வாய் நாலாவது "வேண்டாம்"துக்குத் திறந்தபடியே நிற்கிறது, சத்தம் வரவில்லை. கழுத்து மட்டும் மாலை இருக்கும் பக்கமாக மெல்ல நீளுகிறது.